ஓடினான் என்று எழுதினேன்

எங்கள் குடியிருப்பின் காவலர் மூன்றாம் மாடிப் பெரியவரைப் பார்த்து "ஹாத் ஊப்பர்!" என்று கத்திய காலையில், நான் பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கியிருந்தேன். பெரியவருக்கு இடுப்பு எலும்பு மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தினமும் கார் நிறுத்துமிடத்திலிருந்து கேட் வரைக்கும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் பாட்டுக்குக் கைத்தடியை ஊன்றி ஒவ்வோர் அடியாக வைத்து வந்துகொண்டிருந்தார். காவலர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து, லத்தியைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு, "வேகம் வா! வேகம்! ஹாத் ஊப்பர்!" என்று அலறினார். பெரியவர் வெலவெலத்துப் போய்க் கைத்தடியைத் தவறவிட்டு, பூந்தொட்டி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு வாய் நீளம். மலையாள நாட்டுக் கரமனையில் முப்பது வருஷமாக வீட்டிலேயே இந்தி வகுப்பு எடுத்து, பிள்ளைகளிடம் கத்திக் கத்தியே பழகிப்போன வாய். "உங்களுக்கு என்ன, மூளை கெட்டுப் போச்சா? வயசானவர், நடக்க முடியாம வரார், அவரைப் போய்க் கையைத் தூக்கச் சொல்றேளே!" என்று நாலு பேர் பார்க்கப் பிடித்து விளாசிவிட்டேன். அவர் லத்தியைச் சுவரில் சாத்தினார். பெரியவரின் கைத்தடியை எடுக்கக் குனிந்தார், அது அவர் பிடியில் நிற்காமல் நழுவி விழுந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் நிறுத்தவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. ஆளை மாற்றிவிடலாம் என்றார்கள். நான்தான் அந்த வருஷம் செயலாளர். "டீச்சர் ஒன்னு பேசி நோக்கணே, நிங்ஙள் ரெண்டாளும் தமிழல்லே" என்று மலையாளத்தில் சொல்லி, இரண்டு பேரும் தமிழர்தானே, நீங்களே பேசிப் பாருங்கள் என்று அந்தக் காரியத்தை என் தலையில் கட்டினார்கள். தமிழ் என்றால் ஒரே தமிழா? நான் அக்கிரகாரத்துத் தமிழ். அவர் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று, மனைவியோடும் மகளோடும் ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இவ்வளவுதான் எனக்கு அதுவரை தெரியும்.

மறுநாள் வகுப்புப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரே, என்ன அனுப்பிச்சிருங்க. நான் வேணும்னு செய்யல. ஆனா மெதுவா நடந்து வர்றவங்களப் பாத்தா எனக்கு ஆவறதில்ல. கைகாலெல்லாம் என் வசத்துல இல்ல."

"ஏன் அப்படி?" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டிருப்பேன். எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

அவர் சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாததை, முந்தின நாள் நாலு பேர் முன்னால் தன்னைத் திட்டியவளிடம் ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

"வடக்கே மலையில டூட்டி. ரோட்டுல தடுப்புப் போட்டு நிக்கிறோம். காலையில ஒம்பது மணி இருக்கும், நல்ல வெளிச்சம். முந்துன வாரம்தான் எங்க ஆளுக ரெண்டு பேரு குண்டு வெடிச்சுச் செத்துப் போனாங்க. ஒருத்தன் எங்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன். அப்ப ஒரு பையன் வர்றான். இருவத்திரண்டு, இருவத்திமூணு வயசு இருக்கும். மேல நீளமா ஒரு கம்பளி அங்கி. நில்லுன்னேன், நின்னான். கையத் தூக்குன்னேன், ரெண்டு கையும் தூக்கினான். வேகமா வாடான்னேன். அவன் மெதுவா வர்றான். மறுபடி கத்துறேன். மொகத்துல ஒரு சிரிப்போட மெதுவா, மெதுவா வர்றான். எங்களக் களியாக்குறான், கேலி பண்றான்னு நெனச்சேன்."

"அங்கிக்குள்ள ஏதாவது வச்சிருக்கான்னு தோணித்தா?"

அவர் டம்ளரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்படித்தான் எல்லார்ட்டயும் சொன்னேன். பொஞ்சாதிகிட்டகூட அப்படித்தான் சொல்லியிருக்கேன். நெசத்துக்கு அப்படித் தோணல டீச்சரே. கோவம் வந்துச்சு. எங்காளு செத்துக் கெடக்கான், இவன் சிரிச்சிட்டு நடக்கான். அவ்வளவுதான். சுட்டேன். கை மேல இருக்கும்போதே சுட்டேன்."

நில்லென்று சொல்லியும் கேட்காமல் ஓடினான், அதனால் சுட நேர்ந்தது என்று அதிகாரி ஒருவர் அறிக்கை எழுதினாராம். இவர் கையெழுத்துப் போட்டார். உடலை வாங்கிப் போகப் பையனின் அப்பா வந்தார். அவரும் அதே காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "அந்தாளு என் மொகத்த ஒரு தடவ பாத்தாரு, அவ்வளவுதான்" என்றார். அப்பாவின் பெயர், கிராமம், தபால் ஆபீஸ் எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தன. அவற்றை மறக்க முடியவில்லையாம்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கூடவே அருவருப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்தேதான் வந்தன, மறைப்பானேன்? கையைத் தூக்கி நின்றவனைச் சுட்ட ஆள் என் வீட்டுக் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணமே அந்த நினைப்புக்காகக் கூசினேன்.

எழுந்து போகும்போது கேட்டார். "டீச்சருக்கு இந்தி நல்லா எழுத வருமல்லே? எனக்குப் பேசத்தான் வரும், எழுதப் படிக்க வராது. அந்த மனுசனுக்கு ஒரு கடுதாசி எழுதித் தரணும். அவரு மகன் ஓடலன்னு எழுதணும். கை ரெண்டும் மேல இருந்துச்சு, நான் கோவத்துல சுட்டேன்னு எழுதணும்."

"மன்னிப்புக் கேட்டும் எழுதணுமா?"

"வேண்டாம். மாப்பெல்லாம் நான் கேக்கக் கூடாது. நெசம் அவருகிட்ட இருக்கட்டும். அது அவருக்குள்ளது."

"கேஸ் கீஸ்னு வந்துட்டா? பொண்ணுக்குக் கல்யாணம் வேற வச்சிண்டிருக்கேள்."

"வந்தா வரட்டும் டீச்சரே. பதினாறு வருசமாச்சு."

அவரைக் கமிட்டியிலிருந்து காப்பாற்றினேன். அது வரைக்கும் நான் செய்தது சரி. கடிதத்தில்தான் கெடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் மேஜையில் உட்கார்ந்து அவர் சொன்னபடியே எழுத ஆரம்பித்தேன். நாலு வரி போனதும் கை நின்றுவிட்டது. இதை ஒரு கிழவருக்கு எப்படி அனுப்புவது? ஓடினான் என்று கேட்டு, அழுது, ஒருவழியாக ஆறிப்போயிருப்பார். இப்போது போய், இல்லை, கையைத் தூக்கி நின்றவனை வெறும் கோபத்தில் கொன்றேன் என்றால் அவர் தாங்குவாரா? இந்தக் காகிதம் போலீஸ் கையில் சிக்கினால் இந்த மனிதரின் மகள் கதி என்ன? இப்படி எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். முப்பது வருஷமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே சாப்பிட்டவள் நான். யார் எதை எழுதினாலும் அதைவிட நன்றாக எனக்கு எழுத வரும் என்ற கர்வம் எலும்பில் ஊறியிருந்தது. அவர் எழுதச் சொன்னதையும் ஒரு மாணவன் தப்பும் தவறுமாக எழுதிய பயிற்சி போலவே பார்த்தேன்.

புதுத் தாள் எடுத்தேன். அன்று மூடுபனி என்று எழுதினேன். தங்கள் மகன் அச்சத்தால் ஓடிவிட்டார், கடமையின் நிமித்தம் சுட நேர்ந்தது, விதி செய்த கொடுமை, அன்று முதல் ஒரு நாளும் எனக்கு நிம்மதியில்லை என்று அழகழகாக எழுதினேன். இரங்கல் கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அந்த நடை தானாக வந்தது. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. என்ன கேவலம்! நான் எழுதிய பொய்க்கு நானே அழுதிருக்கிறேன்.

சாயங்காலம் அவர் வந்தார். படித்துக் காட்டுங்கள் என்றார். தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். ஓடவில்லை என்றும், கைகள் மேலே இருந்தன என்றும், கோபத்தில் சுட்டேன் என்றும், அவர் சொன்னதை அப்படியே இந்தியில் வாயால் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். பிறகு பேனாவை வாங்கி, அழுத்தி, தன் பெயரைத் தமிழில் கையெழுத்திட்டார். பதில் வந்தால் மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று என் வீட்டு விலாசத்தைக் கொடுக்கச் சொன்னார்.

ராத்திரி சாப்பிடும்போது என் கணவர் கேட்டார். "அவர் சொன்னதைத்தானே எழுதினே? உன் கைவரிசை ஏதும் காட்டலியே?"

"ஏன், எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன்.

தபாலில் போட்ட பிறகு மனிதர் மாறிப்போனார். தூக்கம் வருகிறது என்றார். மூன்றாம் மாடிப் பெரியவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தம் சொன்னார். அப்புறம் தினமும் காலையில் அவருக்குத் துணையாகத் தானும் நடக்க ஆரம்பித்தார். பெரியவர் ஓர் அடி வைக்க, இவரும் ஓர் அடி வைப்பார். நெற்றியில் வியர்வை துளிர்க்கும், ஆனாலும் விடமாட்டார். நான் பால்கனியில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பார்த்தாயா, நான் செய்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அவர் நிம்மதியாக நடந்தது, உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில். அந்த உண்மை கிழிந்து என் வீட்டுக் குப்பைக் கூடையில் கிடந்தது.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. உறைமேல் அவர் பெயர்தான் இருந்தது. நான்தான் பிரித்தேன். அதற்கும் எனக்கு உரிமையில்லை. ஒரே பக்கம், பள்ளிக்கூடத்து வாத்தியார் கையெழுத்து. அதில் இருந்தது கிட்டத்தட்ட இதுதான்:

"உங்கள் கடிதத்தை எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் எனக்குப் படித்துச் சொன்னார். இதையும் அவர்தான் எழுதுகிறார். நல்ல மொழியில் எழுதியிருக்கிறீர்கள். என் மகன் ஆறு வயதில் அக்ரூட் மரத்திலிருந்து விழுந்து, அவனுடைய வலது கால் வளைந்துவிட்டது. அவன் ஓடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவனால் ஓட முடியாது. இது ஊருக்கே தெரியும். ஓடினான் என்று காகிதத்தில் எழுதியிருந்தபோது, எங்கோ உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் அவன் நடந்து வந்ததைக் கண்ணால் பார்த்தவர். இத்தனை வருஷம் கழித்து, நான் கேட்காமலே, இந்தப் பொய்யை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? என் மனைவிக்கு இதைச் சொல்லவில்லை. இனி எழுதாதீர்கள்."

நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் அந்தக் கடிதத்தை ஒளித்து வைத்திருந்தேன். கீழே இறங்கவே இல்லை. பதில் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன், பாவி. நாலாம் நாள் அவரே போனில் கூப்பிட்டுக் கேட்டார். "தபால்காரர் வடக்கேருந்து ஒரு கவர் வந்துச்சுன்னாரே டீச்சரே?"

மேலே வரச் சொன்னேன். இந்த முறை தாளில் இருந்ததையே படித்தேன். அவருக்கு இந்தி புரியும், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கால் பற்றிய வரி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அத மறுபடி படிங்க."

படித்தேன்.

"காலு சரியில்லியா?" என்றார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார். "அதான் மெதுவா வந்தானா? சிரிப்பில்ல அது. வலியில மொகம் அப்படி இருந்திருக்கு. வேகம் வா, வேகம் வான்னு நான்…" கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். ஐம்பது வயது கடந்த மனிதர் சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு மிச்சத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்போதுதான் அவருக்கு மற்றது உறைத்தது. "ஓடினான்னு நான் சொல்லலியே டீச்சரே. அவரு ஏன் அப்படி எழுதியிருக்காரு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். படித்துக் காட்டியது ஒன்று, எழுதியது ஒன்று என்று சொன்னேன். உங்கள் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன்.

அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். "அன்னிக்கி ஆபீசரு எழுதினாரு, நான் ஒப்பு போட்டேன். இப்ப நீங்க எழுதினீங்க, அதுக்கும் நான் ஒப்பு போட்டேன்" என்றார். "நடக்க முடியாத பையன ரெண்டு தடவ ஓட வச்சாச்சு." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் மணியடித்து, "எழுதணும்" என்றார். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் எழுதினேன். முந்தின கடிதத்தில் இருந்தது பொய், அதை எழுதியவர் வேறொருவர், ஆனால் கையெழுத்து என்னுடையது, அதனால் பொய்யும் என்னுடையதுதான் என்று சொன்னார். என் பேனா நின்றது. "என் பேரைப் போட்டு எழுதறேனே. தப்புப் பண்ணினது நான்" என்றேன். "வேண்டாம். சொன்னத எழுதுங்க" என்றார். பிறகு, கைகள் மேலே இருந்தன, வெளிச்சம் இருந்தது, கால் அப்படி என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அன்றைய கோபத்தில் என்ன செய்திருப்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை. மொழி கரடுமுரடாகத்தான் இருந்தது. ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை.

முடித்து நீட்டினேன். அவர் படித்துக் காட்டச் சொல்லவில்லை. தாளை மடித்து வாங்கிக்கொண்டு கீழே போனார். பால்கனியிலிருந்து பார்த்தேன். எதிர்ப்புறம் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் வடக்கத்திப் பெயிண்ட்காரர் ஒருவர் சாரத்திலிருந்து இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். இவர் அவரிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று கேட்டார். பெயிண்ட்காரர் பாதியில் நிறுத்தி இவர் முகத்தைப் பார்த்தார். இவர் தலையசைத்ததும் மிச்சத்தையும் படித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. இந்தத் தெருவில் எத்தனை பேருக்கு இந்தி சொல்லிக் கொடுத்தவள்! ஆனால் அந்த அவமானம் எனக்கு வேண்டியதுதான்.

ரிஜிஸ்டர் தபாலில் போனது. அவர் பெரியவரோடு நடப்பதை அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மகள் கல்யாணம் நடந்தது. என்னையும் என் கணவரையும் கூப்பிட்டிருந்தார், போய்விட்டு வந்தோம்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கடிதமே திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை. உறைமேல் குறுக்காக, வாங்க மறுத்தார் என்று தபால்காரர் எழுதியிருந்தார். உடனே எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். அவர் கேட் பக்கம் நாற்காலியில் இருந்தார். உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய இடத்தை விரலால் தடவினார்.

"என்ன எழுதியிருக்கு?"

"வாங்க மாட்டேன்னுட்டாராம்."

"படிக்கவே இல்லியா?"

"இல்லை."

"நான் ஒழுங்கா எழுதியிருந்தா முதல் கடிதமே அவர் கையில உண்மையாப் போயிருக்கும். நான் கெடுத்தேன். என்னை மன்னிச்சுடுங்கோ" என்றேன். என் வயதுக்கு அவ்வளவு வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை.

அவர் கோபப்படவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்கிட்ட கேட்டா எப்படி டீச்சரே? நீங்க பொய் எழுதினது என் மகனப் பத்தியில்லயே. அந்த அப்பாகிட்டயல்லே கேக்கணும்."

"அவர்தான் எதையும் வாங்க மாட்டேங்கறாரே!"

"ஆமா," என்றார். "வாங்க மாட்டாரு."

உள்ளே வர ஒரு கார் ஹாரன் அடித்தது. உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டைத் திறக்கப் போனார்.